வலது காதுக்கு வந்த அழைப்பு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு போய்த் தூங்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யாரிடமும் கைதட்டல் வாங்க இதைச் சொல்லவில்லை. நடந்தது நடந்ததுதான். என் இரண்டு காதாலும் கேட்டேன். காது விஷயத்தில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும். அதை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

பேட்டி, விளம்பரம், ஆவணப்படம் எதுவானாலும் படம் பிடிக்கிற இடத்துக்கே போய்ச் சத்தத்தைப் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். இடுப்பில் ஒரு சின்ன ரெக்கார்டர், தலையில் ஹெட்போன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் 'காது' என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் 'கடுகு' என்பார்கள். சட்டென்று வெடிப்பேனாம்.

வெடிக்காமல் என்ன செய்வது? எல்லாம் இந்த மொபைல் போனால் வருவது. ரேடியோ பக்கத்தில் போனை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ரேடியோவில் 'டட்-டடட்... டட்-டடட்... டட்-டடட்...' என்று ஓர் இரைச்சல் வரும். எடுத்துப் பேச ஆரம்பித்தால் அதுவே 'ர்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக இழுக்கும். என் மைக்கிலும் இதே கதைதான். புதுப் போன்களில் இந்தத் தொல்லை குறைவு. பழைய பட்டன் போன் இருக்கிறதே, அது மைக்கிலிருந்து ஒரு கை தூரத்துக்குள் வந்தால் போதும், பேயாட்டம் ஆடிவிடும். நல்ல டேக் எல்லாம் குப்பைக்குப் போகும்.

அதனால் என் படப்பிடிப்பில் ஒரு சட்டம். முதலில் எல்லோருடைய போனும் அணைந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் போகும். பக்கெட் வேனுக்குள் போகும். வேன் சாவி என் சட்டைப் பைக்குள் போகும். டைரக்டராக இருந்தாலும் சரி, அவரைப் பெற்றவராக இருந்தாலும் சரி.

என் மச்சினன்தான் எனக்கு மைக் பிடிப்பவன். மனைவியின் ஒரே தம்பி. முப்பத்தாறு வயது, ஆறடி உயரம். செய்த வியாபாரமெல்லாம் படுத்துக்கொண்ட பிறகு என் தலையில் வந்து விடிந்தவன். நீளமான கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, பேசுகிறவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நிற்பான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து போனும் காதும் ஒட்டிப்போய்விட்டன. எப்போது பார்த்தாலும் அந்தப் பெண்ணிடம் 'ம்... ம்... நீ சொல்லு' தான்.

அன்று காலை கிளம்பும்போது என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் மாப்பிள்ளை ஆகப்போறவன். ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து விடணும்."

"அவன் என்ன கண்ணாடிச் சாமானா?"

"எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

போன இடம் ஒரு பழைய விளையாட்டு கிளப். கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே, ஒரு நீச்சல் குளம். மூடி எட்டு வருடம் ஆகிறது. சொட்டுத் தண்ணீர் இல்லை. நீல ஓடு பதித்த பெரிய பள்ளம், ஓரத்தில் இறங்குவதற்கு இரும்பு ஏணி. ஆழமான பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மின்சாரத்தை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். பேட்டரியில் எரியும் இரண்டு விளக்குகளைக் கொண்டுபோயிருந்தோம்.

அங்கே பல வருடம் நீச்சல் கற்றுக்கொடுத்த ஒரு அம்மாவைப் பற்றிய ஆவணப்படம். அறுபது வயதிருக்கும். எல்லோரும் 'கோச்' என்றே கூப்பிட்டார்கள். டைரக்டர், கேமராமேன், கோச், மச்சினன், நான். ஐந்தே பேர். கேமராமேனுக்கு இரண்டு போன் என்பதால் பக்கெட்டில் ஆறு போன். நானே எண்ணிப் பூட்டினேன்.

கோச்சைக் குளத்தின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அவர் காலரில் ஒரு சின்ன மைக். அது எனக்கு இடது காதில் கேட்கும். மச்சினன் பிடித்திருந்த கம்பு மைக் வலது காதில் கேட்கும். இரண்டு மைக்கோடும் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா இருக்கும். ஒயர் இல்லாமலே அது எனக்குச் சத்தத்தை அனுப்பும். இடது காது கோச், வலது காது மச்சினன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டி நன்றாகத்தான் போனது. மூன்று மணி நேரம் ஒரு பிசிறு இல்லை. கடைசியில் டைரக்டர் கேட்டார்.

"இந்தக் குளத்தை ஏன் மூடினாங்க?"

கோச் பெருமூச்சு விட்டார். வாயைத் திறந்தார்.

டட்-டடட்... டட்-டடட்... டட்-டடட்...

இடது காதில் ஊசி குத்தியதுபோல் இருந்தது. "கட்!" என்று கத்தினேன். மறுபடி எடுத்தோம். டைரக்டர் கேட்டார். கோச் வாயைத் திறந்தார். டட்-டடட்... மூன்றாவது முறையும் அப்படியே. அந்தக் கேள்விக்கு மட்டும்.

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராக மச்சினனிடம் போனேன்.

"எடு."

"எதை மாமா?"

"போனை. பட்டன் போன் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேல்ல? அந்தப் பொண்ணுகிட்டப் பேசறதுக்கு?"

"என்ன மாமா பேசறீங்க? எங்கிட்ட இருக்கிறது ஒரே போன். நீங்கதானே பூட்டினீங்க?"

"பையைக் காட்டு."

எல்லோர் முன்னாலும் பையை வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, இரண்டு மிட்டாய். அவன் முகம் சிவந்துவிட்டது.

"திருப்தியா? இன்னும் சட்டையையும் கழட்டணுமா?"

டைரக்டர் சிரித்தார். "உன் மெஷின் செத்துப்போச்சு காது. ஒத்துக்கோயேன்."

"என் மெஷின் உங்களுக்கு முன்னாடி சாகாது சார்" என்றேன்.

கேமராமேன்தான் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, முன்னாடி இடம் பார்க்க வந்தப்பவே பார்த்தேன். இங்க சிக்னலே கெடையாது. ஒரு கோடு கூட இல்ல. இங்க எவனுக்கு எப்படி போன் வரும்?"

சிக்னல் இல்லாத இடத்தில் போன் எப்போதாவது ஒருமுறை 'டட்' என்று தேடிப் பார்க்கும். அவ்வளவுதான். நான் கேட்டது அது இல்லை. ஓர் அழைப்பு வரும்போது கேட்கும் சத்தம்.

கோச் எழுந்துகொண்டார். "உங்களுக்குக் கேக்க இஷ்டம் இல்லைன்னா எனக்கும் சொல்ல இஷ்டம் இல்ல. வெளிச்சம் போறதுக்குள்ள கிளம்பலாம்."

"ரூம் டோன் எடுக்கணும். ஒரே நிமிஷம்" என்றேன்.

ரூம் டோன் என்றால் ஒன்றுமில்லை. எந்த இடத்தில் படம் பிடித்தாலும் கடைசியில் அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பின்னால் வெட்டி ஒட்டும்போது தேவைப்படும். அந்த ஒரு நிமிடம் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அசையக்கூடாது. இருமக்கூடாது. நான் 'போதும்' என்று சொல்லும்வரை வாய் திறக்கக்கூடாது. ஒருமுறை தோட்டம் ஒன்றில் ரூம் டோன் எடுக்கும்போது மச்சினனைத் தேனீ கொட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியதே தவிர, அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அவனை நான் பாராட்டியது அந்த ஒரு நாள்தான்.

கோச்சை மறுபடி உட்காரவைத்தேன். டைரக்டரும் கேமராமேனும் அவருக்குப் பின்னால். எதிரொலி நன்றாகக் கிடைக்கட்டும் என்று மச்சினனை மைக்கோடு எதிர்க்கரைக்கு அனுப்பினேன். ஆழமான பக்கம், ஏணிக்குப் பக்கத்தில், விளிம்பில் போய் நின்றான். நான் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி அவன் பக்கத்து மூலையில் நின்றேன். அவனுக்கும் எனக்கும் பத்தடி இருக்கும். கோச்சுக்கும் அவனுக்கும் நடுவில் வெறும் பள்ளம்.

ஒரு விளக்கை அணைக்கச் சொன்னேன். அதன் குட்டி விசிறி இரைந்துகொண்டிருந்தது. மேலே இருந்த ஒற்றைச் சன்னல் கறுத்துவிட்டது. மாலை ஆறு நாற்பது.

"ரூம் டோன். யாரும் மூச்சு விடக்கூடாது."

பட்டனை அழுத்தினேன்.

அமைதி. நல்ல அமைதி. எங்கோ ஓடு ஒன்று 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

பதினைந்தாவது நொடி.

டட்-டடட்... டட்-டடட்...

இடது காது. கோச்சிடம்.

வழக்கமாக இந்த இடத்தில் கத்தியிருப்பேன். கத்தவில்லை. இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தேன். யார் கை அசைகிறது? யார் பை வெளிச்சமாகிறது?

யாரும் அசையவில்லை. நான்கு பேரும் சிலை மாதிரி இருந்தார்கள்.

கோச் மட்டும் கழுத்தை ஒடுக்கிக்கொண்டார். பக்கத்தில் யாரோ ஒட்டி வந்து நின்றால் நாம் ஒதுங்குவோமே, அப்படி. அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

சத்தம் குறைந்தது. நின்றது.

சரி, ஒழிந்தது என்று நினைத்தேன். அப்போது வலது காதில் வேறு ஒன்று கேட்டது. மிக மெல்ல.

க்ரீச்...

இரும்புச் சத்தம்.

க்ரீச்...

ஏணியைப் பார்த்தேன். வெறும் ஏணி. யாரும் இல்லை. ஆனால் அதன் கைப்பிடி நடுங்கிக்கொண்டிருந்தது. கனமான ஆள் ஏறும்போது நடுங்குமே... அதே மாதிரி.

எனக்குப் புரிந்தது. இடது காதிலிருந்து வலது காதுக்கு. கோச்சிடமிருந்து மச்சினனிடம். சுற்றி வரவில்லை. பள்ளத்துக்குள் இறங்கி, நேராகக் குறுக்கே நடந்து, இந்தப் பக்கம் ஏறுகிறது.



டட்-டடட்... டட்-டடட்... டட்-டடட்...

வலது காது. காதே கிழிந்துவிடும் போல. இவ்வளவு சத்தம் வேண்டுமென்றால் போன் அந்த டப்பாவை உரசிக்கொண்டு இருக்க வேண்டும்.

மச்சினன் என்னைப் பார்த்தான். கண் இரண்டும் பிதுங்கி நின்றன. கம்பைத் தலைக்கு மேலே தூக்கியபடி விறைத்திருந்தான். உதடு துடித்தது.

ஹெட்போனில் மூச்சுச் சத்தம். ஈரமான மூச்சு.

கோபம் பயத்தை முந்திக்கொண்டது. விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். மூச்சை அடக்குடா!

அடக்கினான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அது அவனுடையது இல்லை.

டட்-டடட்... டட்-டடட்...

திடீரென்று...

ர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

ஒரே இழுப்பு.

யாரோ போனை எடுத்துவிட்டார்கள்.

மச்சினனின் தலை மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது. போனைக் காதுக்குக் கொடுப்பதுபோல். இரண்டு கையும் கம்பில்தான் இருந்தன.

முகத்தில் பயம் போய்விட்டது. லேசாகச் சிரித்தான்.

அவன் வலது கால் எழும்பியது.

முன்னால் நீண்டது.

விளிம்புக்கு வெளியே.

"போதும்!" என்று கத்தினேன். "போதும்டா! போதும்!"

அவனுக்குக் கேட்கவே இல்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். சட்டைக் காலர்தான் கைக்கு அகப்பட்டது. இழுத்தேன். ஆறடி உடம்பும் என்மேல் வந்து விழுந்தது. கம்பு பள்ளத்துக்குள் போய் 'தடால்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"டேய்! டேய்! என்னடா ஆச்சு?"

அவன் விழித்தான். வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நானும் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. விரல் ஈரமாகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன். குளத்துத் தண்ணீரில் போடுவார்களே, அந்த மருந்து வாடை.

எட்டு வருடமாகக் காய்ந்து கிடக்கிற குளம்.

"யாரோ... காதுல போன வச்சாங்க மாமா. பின்னாடி நின்னுக்கிட்டு. அவ குரல். நான் கட்டிக்கப் போறவ குரல். எங்க இருக்கீங்க, எப்ப வர்றீங்கன்னு கேட்டா. திரும்பத் திரும்ப அதையே கேட்டா."

"நீ என்னடா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல மாமா. ரூம் டோன்ல பேசினா நீங்க கொன்னுடுவீங்களே? அதான் வாயே தொறக்கல."

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை. ஓடி மேலே வந்துவிட்டோம். கம்பை எடுக்க ஒருவரும் கீழே இறங்கவில்லை. வேனைத் திறந்து பார்த்தேன். பக்கெட்டில் ஆறு போன்களும் அணைந்தபடியே கிடந்தன.

என் மனைவியிடம் அவளுடைய தம்பியை ஒரு கீறல் இல்லாமல் ஒப்படைத்தேன். என்ன நடந்தது என்று சொல்லவில்லை.

மறுநாளே அவன் பழைய ஆளாகிவிட்டான். சொல்லப்போனால் முன்னைவிட உற்சாகம். "மாமா, அந்தக் கம்பு நல்ல கம்பு. வீணா கெடக்கு. நாம ரெண்டு பேரும் ஒரு நடை போய் எடுத்துட்டு வந்துடலாமா?" என்றான். கிடந்து துருப்பிடிக்கட்டும் என்றேன். அடுத்த நாளும் கேட்டான். அதற்கடுத்த நாளும். "அவன்தான் இவ்வளவு கேக்கறானே, கூடப் போய்ட்டு வாங்களேன்" என்று என் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

எனக்கு மனசு உறுத்தியது. கோச்சின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

"அன்னைக்கு என்னை வாயத் தொறக்க விட்டீங்களா? இப்ப எதுக்கு வந்தீங்க?"

"அந்தக் குளத்தை ஏன் மூடினாங்கன்னு சொல்லுங்க. போயிடறேன்."

நான் தனியாக வந்தேனா என்று தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மோட்டார் போடறவன் ஒருத்தன் இருந்தான். தண்ணிய எறக்கிட்டுக் குளத்தைக் கழுவிக்கிட்டிருந்தான். அழுதுக்கிட்டே எங்கிட்ட ஓடி வந்தான். யாரோ காதுல போன வச்சு, அவன் பொண்டாட்டி குரல்ல கூப்பிட்டாங்களாம். அவன்கிட்ட போனே கெடையாது சார். என்ன சொன்னேன்னு கேட்டேன். ஒண்ணுமே சொல்லலைன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணான். அப்புறம் ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்தான். சந்தோஷமா."

"அப்புறம்?"

"ஒரு நாள் காலையில வந்து பார்த்தா, இன்னும் தண்ணி விடாத காஞ்ச குளத்துக்குள்ள கெடக்கிறான். தனியா இல்ல. கூட அவன் அண்ணன். சும்மா குளத்தைச் சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்தானாம். அண்ணன் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்த அந்த விரலப் பிரிக்க முடியல."

"அதுக்கு முன்னாடி அங்க யாராவது செத்தாங்களா? மூழ்கி..."

"அதான் எனக்கும் புரியல. அந்தக் குளத்துல ஒருத்தர் கூட மூழ்கினதே இல்ல சார்."

கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்கு ஏறி, என் அறைக் கதவைத் தாழ்போட்டேன். அந்த ரூம் டோனை அதுவரை நான் போட்டுக் கேட்கவில்லை. தைரியம் வரவில்லை. இப்போது கேட்டே ஆகவேண்டும். அந்த மோட்டார்க்காரன் ஏதோ பதில் சொல்லிவிட்டுத்தான் மறைத்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது. மச்சினன் வாய் திறக்கவில்லை என்பதை என் காதால் கேட்டால் போதும். அவன் பிழைத்துக்கொள்வான்.

ஹெட்போனை மாட்டினேன். வலது காதுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஏணிச் சத்தம் வந்தது. இரைச்சல் வந்தது. அந்த ஈர மூச்சு வந்தது. 'ர்ர்ர்' என்ற இழுப்பு ஆரம்பித்ததும் நிறுத்தினேன். கம்ப்யூட்டரில் அந்த இரைச்சலை மட்டும் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். அடியில் இருப்பதை மேலே ஏற்றினேன்.

அவ குரல் என்றானே, அந்தக் குரல் இல்லை. எந்தப் பெண் குரலும் இல்லை.

ஒரே ஒரு குரல்தான் இருந்தது. கிசுகிசுவென்று. உதட்டை அசைக்காமல் பேசுவதுபோல்.

மச்சினனின் குரல்.

"வர்றேன்... சீக்கிரம் வர்றேன்..."

கொஞ்சம் இடைவெளி. யாரோ ஏதோ கேட்டதுபோல்.

"இல்ல... தனியா இல்ல... மாமாவையும் கூட்டிட்டு வர்றேன்."

ஹெட்போனைக் கழற்றினேன். கீழே வாசலில் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. என் மனைவி படியில் ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

"என்னங்க... தம்பி வந்திருக்கான். நீங்க வராம போக மாட்டேன்னு வண்டியக் கூட அணைக்காம நிக்கிறான்."